ஏர் ஃப்ரையரும் முப்பத்தொரு லேபிள்களும்

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் இருபத்தேழு வருஷம் நின்றவள் மில்லியக்கா. இருமல் மருந்தை அளவுக் குப்பியில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, ஒரு மில்லி கூடியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுவாள். வரிசையில் நிற்கிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் மில்லி. தம்பி பெண்டாட்டிகூட வெளியே பேசும்போது 'எங்க வீட்டு மில்லி' என்றுதான் சொல்வாள்.

அவள் இருந்தவரை அந்தக் கவுண்டரில் லேபிள் ஒட்டாத புட்டி ஒன்று கிடையாது. வெள்ளைத் தாள், சிவப்பு ஓரம், மருந்தின் பெயர், எத்தனை வேளை, எத்தனை கரண்டி, 'குலுக்கிவிட்டுக் குடிக்கவும்'. எழுத்து அச்சு மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்தால் கதையே வேறு. சமையலறை அலமாரியில் இருபத்திரண்டு டப்பாக்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம். எதிலும் ஓர் எழுத்து கிடையாது. எதில் உப்பு, எதில் சோடா, எதில் எந்தப் பொடி என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கடையிலிருந்து வரும்போது மூடியில் பெயர் ஒட்டித்தான் வந்தன. அதையெல்லாம் வெந்நீரில் ஊறவைத்து நகத்தால் சுரண்டி எடுத்தவள் அவளேதான்.

ஏன் என்று கேட்காதீர்கள், சொல்கிறேன். அவளுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அப்பா அம்மா போன பிறகு தம்பி வீட்டில் தங்கினாள். மூன்றாம் மாடி வீடு, சமையலறையை ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல், ஒரு கட்டில். தம்பி லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். அவனுக்குப் பெண்டாட்டி வந்தாள், ஒரு பெண் குழந்தை பிறந்தது. வீடு மெல்ல மெல்ல வந்தவளுடையது ஆயிற்று; திரைச்சீலை அவள் இஷ்டம், நாற்காலி அவள் இஷ்டம். சமையல் மட்டும் அக்கா கையை விட்டுப் போகவில்லை. போகவிடவில்லை.

தம்பி பெண்டாட்டி வந்த மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பியின் மேலதிகாரி சாப்பிட வந்தார். "இன்னிக்கு ஒரே ஒரு சூப் மட்டும் நான் வைக்கிறேனே அண்ணி" என்று புதுப்பெண் ஆசையாகக் கேட்டாள். வைத்தாள். சூப் தண்ணியாக இருந்ததால் சோளமாவு போடலாம் என்று டப்பாவை எடுத்தாள். அவள் கை சோடா டப்பாவுக்குப் போனதை, ஒரு முழ தூரத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மில்லியக்கா பார்த்தாள். பார்த்துக்கொண்டே நறுக்கினாள். சூப் பொங்கி நுரைத்தது. மேலதிகாரி ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்து, ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்தார். புதுப்பெண் முகத்தில் ஈயாடவில்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள் மில்லியக்கா, எல்லார் முன்னாலும். சிரிக்கவும் சிரித்தாள்.

அன்று முதல் பதினாறு வருஷம் அந்த வீட்டுக்கு எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் 'நுரை சூப்' கதை ஒருமுறை பரிமாறப்பட்டது. தம்பியும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அவன் நல்லவன், யார் சிரித்தாலும் கூடச் சிரிக்கிறவன். தம்பி பெண்டாட்டி அதற்குப் பிறகு அந்த டப்பாக்களைத் தொடவில்லை. பாவம் என்று அவளுக்காக உச்சுக் கொட்டத் தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

மில்லியக்கா ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, ஒருநாள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளே பேச்சு கேட்டது.

"பொண்ணு பெரியவளாயிட்டா. இன்னும் ஹால்லதான் படுக்கிறா. அந்த ரூமை அவளுக்குக் குடுத்துடலாமே. உங்க அக்காவுக்குத்தான் எங்கயாவது நல்ல விடுதி இருக்கும்."

"அக்கா போயிட்டா சமையல் யாரு பண்றது? நீயா?" என்றான் தம்பி. பிறகு சிரித்தான்.

வாயில் துணிக் கிளிப்போடு மில்லியக்கா நின்றாள். அக்கா பாவம் என்றோ, என்னை வளர்த்தவள் என்றோ அடுத்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். உள்ளே டிவி போட்டார்கள். வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போடுவதற்குள் ஒரு திருப்தியும் வந்துவிட்டது: கரண்டி தன் கையில் இருக்கும்வரை தன்னை இந்த அறையிலிருந்து யாரும் அசைக்க முடியாது.

அதற்கு அடுத்த மாதம்தான் தம்பியின் ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எண்ணெயில் பொரித்தது எதுவும் கூடாது. பொரித்ததைத் தவிர வேறு எதையும் ருசி என்று ஒப்புக்கொள்ளாதவன் அவன். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவித்த காய் தின்றான். ஐந்தாம் நாள் தம்பி பெண்டாட்டி செல்போனில் படத்தைக் காட்டினாள்.

"அண்ணி, ஏர் ஃப்ரையர்னு ஒண்ணு. எண்ணெய் ஒரு ஸ்பூன் போதுமாம். சூட்டுக் காத்துலயே மொறுமொறுன்னு ஆயிடுதாம். எது நல்லதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க வந்து பாத்து எடுங்களேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எத்தனை நாள் யோசித்து வைத்திருந்தாளோ. மில்லியக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கடைக்குப் போகுமுன் சமையல் மேடையை அளந்தாள். பின்பக்கம் சூட்டுக் காற்று வெளியேற ஒரு சாண் இடம் விட்டு, மிச்ச இடத்துக்கு ஏற்ப ஒரு செய்தித்தாளை வெட்டி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிளக்கிலிருந்து மேடை ஓரம் வரை நூல் பிடித்து அதையும் சுருட்டிக்கொண்டாள். கடையில் விற்பனைக்காரன் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"இது ஆறு லிட்டர் மேடம். பெரிய ஃபேமிலிக்கு."

"லிட்டரை வச்சு நான் என்ன பண்றது? பாலா ஊத்தப் போறேன்? கூடையை வெளிய எடுங்க."

கூடையை எடுத்தான். அவள் தன் உள்ளங்கையை விரித்து அடியில் வைத்துப் பார்த்தாள். "ஆழம்தான் இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா வேகும், மொறுமொறுப்பு வராது. அகலமா, சதுரமா இருக்கா பாருங்க."

தம்பி பெண்டாட்டி, உள்ளே விளக்கெரிகிற, கண்ணாடி ஜன்னல் வைத்த ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அதில் கோழி, மீன், கேக் என்று படம் போட்ட பொத்தான்கள். "இதைத் தொட்டா போதும், மெஷினே பாத்துக்கும் மேடம்" என்றான் விற்பனைக்காரன்.

"எந்தக் கோழி? எத்தனை கிராம்? எலும்போடயா, இல்லாமயா? அது எப்படிங்க மெஷினுக்குத் தெரியும்? படத்தைப் பாத்து மருந்து குடுக்கிற மாதிரி இருக்கு."

அவன் அசடு வழிந்தான். கடைசியில் அவள் எடுத்தது, சூட்டுக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என்று இரண்டே திருகுகள் உள்ள, பார்வைக்குச் சாதுவான கறுப்புப் பெட்டி. செய்தித்தாளை விரித்துப் பெட்டியை அதன்மேல் தூக்கி வைக்கச் சொன்னாள். சரியாக அடங்கியது. "நீங்க சொன்னா சரிதான் அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி. பதினாறு வருஷத்தில் முதல்முறையாக மில்லியக்கா அவள் தோளில் கை போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

முதல் வாரம் பெட்டி அவள் மூக்கை உடைத்தது. கூடை நிறைய உருளைக்கிழங்கைக் கொட்டினாள். மேலே கருகி, நடுவில் அவிந்து, அடியில் பச்சையாக வந்தது. அடியில் போட்ட தாள், மேலே கனம் இல்லாததால் பறந்து கம்பிச் சுருளில் ஒட்டித் தீய்ந்தது. கொழுப்புள்ள கோழித் தொடை வைத்தபோது வெள்ளைப் புகை கிளம்பி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். வேறொருத்தியாக இருந்தால் துணி போட்டு மூடி வைத்திருப்பாள். இவள் ஒரு நோட்டை எடுத்தாள். ஒருநாள் சூட்டை மட்டும் மாற்றினாள், நேரத்தை மாற்றவில்லை. மறுநாள் நேரத்தை மட்டும். நறுக்கிய கிழங்கைத் தண்ணீரில் அலசித் துடைத்துப் பார்த்தாள், துடைக்காமல் பார்த்தாள். எண்ணெயைக் கூடையில் ஊற்றாமல் காயில் கையால் புரட்டிப் பார்த்தாள். புகைக்கும் வழி கண்டாள்: கூடைக்கு அடியில் இருக்கிற தட்டில் இரண்டு கரண்டி தண்ணீர் ஊற்றிவிட்டால் வடிகிற கொழுப்பு தீயாது. மூன்றாம் வாரம் அந்தப் பெட்டி அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. உருளைக்கிழங்கு கண்ணாடி மாதிரி உடைந்தது. தம்பி தட்டை நக்காத குறை.

அவளுக்கும் பெட்டிக்கும் இப்படி ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அடுப்புச் சமையல் எல்லாம் கண்ணளவு, கையளவு. அதை யாருக்கும் சொல்லிக் கொடுக்கவும் வேண்டியதில்லை. இது அளவு, நேரம், குலுக்கல் என்று அவள் கவுண்டர் பாஷை பேசியது. ஓய்வு பெற்ற நாளில் எல்லாரும் சேர்ந்து கொடுத்த சுவர்க் கடிகாரம் பரணில் கிடந்தது. அன்று அவள் கேட்டு வாங்கி வந்த, தீரப்போகிற இரண்டு சின்னச் சுருள் லேபிள் மட்டும் தலையணைக்கடியில் இருந்தது.

"அண்ணி, கடையில எல்லாரும் உங்க அளவைக் கேக்கிறாங்க" என்றாள் தம்பி பெண்டாட்டி. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற பெண். "எங்க மேனேஜர், நீங்க புத்தகமே எழுதலாம்னு சொல்றார். நீங்க சும்மா ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, போதும்."

மில்லி சும்மா தாளில் எழுதுவாளா? சிவப்பு ஓர லேபிளை எடுத்தாள். 'உருளைக்கிழங்கு, விரல் கனம். 180. 18 நிமிடம். பாதியில் குலுக்கவும்.' 'மீன் துண்டு. 190. 10 நிமிடம். திருப்ப வேண்டாம், உடையும்.' 'காலிஃப்ளவர். 170. ஈரம் துடைக்கவும்.' ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினாள். முப்பத்தொன்று. தள்ளி நின்று பார்த்தபோது கவுண்டருக்கே திரும்பிவிட்ட மாதிரி நெஞ்சு நிறைந்தது. தம்பி பெண்டாட்டியும் தள்ளி நின்று பார்த்தாள். அவள் பார்த்தது வேறு.

"அண்ணி, கடைசிப் பத்து லேபிள்ல எழுத்து பெருசாயிட்டே வருது. உங்களுக்குக் கண் புரை. நாளைக்கே கடைக்கு வாங்க."

புரைதான். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இரண்டு வாரம் அடுப்புப் பக்கம் போகக்கூடாது, குனியக்கூடாது, புகை ஆவி படக்கூடாது. முந்தின நாள் சாயங்காலம் தம்பி பெண்டாட்டி டப்பா அலமாரி முன்னால் போய்ச் சின்னக் குழந்தை மாதிரி நின்றாள்.

"நீங்க கண்ணைக் கட்டிட்டுப் படுத்திருக்கும்போது இது உப்பா அது சோடாவான்னு நான் வந்து வந்து எழுப்பிட்டே இருக்கணுமா அண்ணி? மறுபடி நுரை சூப்தான் வரும்."

தானே அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தாள். மில்லியக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, இருபத்திரண்டு டப்பாவுக்கும் லேபிள் எழுதினாள். தன் பொடிகளை மாற்றிக் கொட்டிப் பாழாக்கிவிடுவார்களே என்ற பயம் ஒன்று. ஆபரேஷன் பயம் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல், எழுத ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத கை. வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிய அதே மூடிகளில் அவளே பெயர் ஒட்டினாள்.

ஒன்றை மட்டும் அவள் எழுதவில்லை. புகை வந்தால் தட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை. முப்பத்திரண்டாவது லேபிளைக் கையில் எடுத்து, பேனா மூடியைத் திறந்து, பிறகு மூடிவிட்டாள். ஏதாவது ஒன்றுக்காவது அவர்கள் தன் அறைக் கதவைத் தட்டட்டும்.

படுத்த படுக்கையில் மறைப்பு வைத்த கண்ணோடு மில்லியக்கா காதால் சமையல் பார்த்தாள். டப்பா திறக்கிற சத்தம். கூடையை உருவுகிற சத்தம். பாதி நேரத்தில் சரியாக ஒரு குலுக்கல். மணி அடிக்கும். முதல் நாள் கருகல் வாசனைக்காக மூக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள், வரவில்லை. எண்ணெய்க் கொழுப்பு இல்லாத மீனும் காயும்தான் செய்தார்கள், அதனால் புகையும் வரவில்லை. மூன்றாம் நாள் பதினைந்து வயதுத் தம்பி மகள் தனியாகச் செய்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். "சாப்பிட்டுப் பாருங்க அத்தை, நானே பண்ணேன்!" உப்பு சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. குறை சொல்ல நாக்கால் துழாவித் துழாவிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை.

ஹாலில் தம்பி சொன்னது சுவர் வழியாக வந்தது. "அக்கா பண்ண மாதிரியே இருக்கு!"

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மறைப்பை எடுத்த நாலாம் நாள் தம்பி அவள் அறைக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் அங்கே உட்கார்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. கையில் வழவழப்பான ஒரு தாள். பெண்கள் விடுதி, தோட்டம், நூலகம், மாதம் ஒருமுறை டாக்டர்.

"எத்தனை காலம்தான் நீ எங்களுக்காகவே வெந்துட்டு இருப்பே? உனக்கும் ஒரு ரெஸ்ட் வேணாமாக்கா?"

"நான் கேட்டேனா ரெஸ்ட்டு?"

"நீ கேக்க மாட்டே. நாங்கதானே பாக்கணும்."

"சமையல்?"

"அதான் நீயே எல்லாத்தையும் இவ்ளோ அழகா எழுதி வச்சிருக்கியே" என்றான், வாயில் வெண்ணெய் தடவின மாதிரி. உள்ளபடியே அவன் கண்ணில் நன்றி இருந்தது. அதுதான் சகிக்கவில்லை.

வாசலில் தம்பி மகள் அளவு நாடாவோடு நின்றாள். ஜன்னலுக்குத் திரைச்சீலை அளக்க வந்தவள், அத்தை இன்னும் உள்ளே இருப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

கிளம்புகிற நாள் காலையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மில்லியக்கா ஃபிரிட்ஜ் முன்னால் பேனாவோடு நின்றாள். 170-இல் ஏழின் தலையைச் சுழித்தால் 190. பதினெட்டை இருபத்தெட்டாக்க ஒரு வளைவு போதும். புதுக்கண்ணில் லேபிள்கள் பளிச்சென்று தெரிந்தன. பேனா முனை தாள்வரை போயிற்று. ஒரு புள்ளிகூட விழவில்லை. எத்தனையோ பேரின் உயிர் தங்கியிருந்த புட்டிகளில் ஒரு தப்பு எழுதாத கை, அந்தக் கை இப்போது போய் உருளைக்கிழங்குக்காகத் தப்பு எழுதுமா? எழுதித் தொலைத்திருக்கலாம். அவள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மிச்சமிருந்த ஒரே லேபிளும் பைக்குள் இருந்தது.

விடுதி இரண்டு பஸ் தூரம். தோட்டம் என்றது நாலு தொட்டிச் செடி. அறைக்கு மூன்று பேர். சுவரில் அறிவிப்பு: அறைக்குள் அடுப்பு, ஹீட்டர், மின்சாரச் சமையல் சாதனம் எதுவும் கூடாது. சாப்பாடு மெஸ்ஸில் வரும். காய் எதுவென்று விழுங்கிய பிறகும் தெரியாது. சமையலறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "உள்ள வரக்கூடாதும்மா, ரூல்" என்று கதவைச் சாத்தினார்கள். துணிப் பெட்டியை அவள் பாதிதான் பிரித்து வைத்தாள். மீதித் துணி அதிலேயே இருந்தது. கொழுப்புள்ள கோழி வாங்காமல் எத்தனை நாள் இருப்பார்கள்? புகை கிளம்பும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், பயந்துபோவார்கள். அதற்கு வழி லேபிளில் இல்லை. அன்றைக்குத் தெரியும் அக்கா அருமை. அதை நினைத்துக்கொண்டுதான் மெஸ் சோற்றை விழுங்கினாள்.

பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு போன் அடித்தது. தம்பி. மில்லியக்கா எழுந்து நின்றாள். ஒரு கை தானாகப் பெட்டியின் மூடிக்குப் போயிற்று.

"அக்கா, மெஷின்லேர்ந்து வெள்ளையா புகை வருதுக்கா! வீடு முழுக்க! பக்கத்து வீட்டுக்காரர் வேற வந்து கத்துறார். என்ன பண்றது?"

எத்தனை தடவை ஒத்திகை பார்த்த நேரம் அது. 'அது போன்ல சொல்ற விஷயம் இல்லடா, நான் வந்து பாக்கணும்' என்று சொல்வதாகத்தான் திட்டம். ஆனால் மருந்துச் சீட்டை நீட்டிப் பதறுகிற குரல் எதிரே கேட்டால் இருபத்தேழு வருஷமாக அவள் வாய் என்ன செய்யுமோ, அதையே செய்தது.

"பயப்படாத. ஆஃப் பண்ணு. கூடையை எடுத்துட்டு, கீழ்த் தட்டுல இருக்கிற கொழுப்பை வடிச்சுட்டு, ரெண்டு கரண்டி தண்ணி ஊத்து. ஊத்திட்டுத் திரும்ப வை. புகை வராது."

அந்தப் பக்கம் தட்டுச் சத்தம், தண்ணீர்ச் சத்தம். பிறகு தம்பி மகள், "நின்னுடுச்சுப்பா!" என்று கத்தினாள். யாரோ கைதட்டினார்கள்.

"அக்கா, நீ நீதான்க்கா. ஆனா இது லேபிள்ல இல்லையே. ஒண்ணு எழுதி அனுப்பிடு, என்ன? ஒவ்வொரு தடவையும் உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம் பாரு."

அவள் பெட்டி மூடியிலிருந்து கையை எடுத்தாள். போனில் தூரத்திலிருந்து தம்பி பெண்டாட்டியின் குரல் நிதானமாக வந்தது.

"வேற ஏதாவது எழுதாம விட்டிருக்காங்களான்னும் சேத்துக் கேளுங்க. கேட்டாச் சொல்லிடுவாங்க."

"அக்கா, வேற ஏதாவது விட்டுப் போயிருக்கா?"

மில்லியக்கா யோசித்தாள். கேள்வி என்று வந்துவிட்டால் ஒழுங்காக யோசித்துத்தான் அவளுக்குப் பழக்கம். முப்பத்தொரு லேபிளையும், இருபத்திரண்டு டப்பாவையும், நோட்டுப் புத்தகத்தையும் வரிசையாக மனசில் ஓட்டிப் பார்த்தாள்.

"இல்லப்பா. அவ்வளவுதான்."

"சரிக்கா, கோழி ஆறுது" என்று அவன் வைத்துவிட்டான். கீழே மெஸ் மணி அடித்தது. மற்ற இரண்டு பெண்களும் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மில்லியக்கா கைப்பையிலிருந்து கடைசி லேபிளை எடுத்து, மடியில் வைத்து நீவி, 'கொழுப்புள்ள கோழி' என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தாள்.